சென்னையில் ஒரு டீம், மற்ற ஊர்களில் மீதி டீம்: டெவலப்பர்களை எடுப்பதும் சேர்த்து நடத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து முதல் அறுபது பேர் வரை உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்காக இது எழுதப்பட்டது. அலுவலகம் சென்னையில் இருக்கும். ஆட்கள் கோவை, மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று பல ஊர்களில் இருப்பார்கள். சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்கள். இப்படி ஒரு டீமை அமைக்க நினைப்பவர்களும், அமைத்துவிட்டுத் திணறுபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஆள் எடுக்க முடிவு செய்துவிட்டோம். முதல் வேலை என்ன?

விளம்பரம் போடுவதற்கு முன்னால் வேலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சேர்ந்த முதல் 90 நாளில் இவர் முடித்துக் கொடுக்க வேண்டிய மூன்று காரியங்கள் அதில் இருக்க வேண்டும். "ஜாவா, ஸ்பிரிங், 5 வருட அனுபவம்" என்று எழுதினால் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரை வேண்டுமானாலும் கழிக்கலாம். "இப்போது இரவில் 4 மணி நேரம் ஓடும் இன்வாய்ஸ் கணக்கீட்டை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்" என்று எழுதினால், எதைச் சோதிக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

அந்தப் பக்கத்தில் இன்னும் சில விவரங்கள் வேண்டும்: யாரிடம் ரிப்போர்ட் செய்வார், எந்த நேரத்தில் கட்டாயம் ஆன்லைனில் இருக்க வேண்டும், எந்த ஊரில் இருக்கலாம், வருடத்துக்கு எத்தனை முறை பயணம் வர வேண்டும், சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை. பல ஊர் டீம்களில் பின்னால் வெடிக்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் விட்டுப்போன வரிகளிலிருந்தே கிளம்புகின்றன. "வீட்டிலிருந்து வேலை என்றுதானே சொன்னீர்கள்?" என்ற கேள்வி அதற்கு ஓர் உதாரணம்.

சம்பளத்தை விளம்பரத்தில் வெளிப்படையாகப் போடலாமா?

போடுங்கள். மறைத்தால் மூன்றாவது சுற்றுவரை வந்து, கடைசியில் தொகை ஒத்துவராமல் பிரிய நேரும். இரண்டு பக்கமும் நேரம் வீண். சி.டி.சி.யை (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்த வருடச் செலவை) மட்டும் சொல்லாதீர்கள். நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் (மாறும் பகுதி) எவ்வளவு, நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு அதற்குள் வருகிறதா, கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கூட்டியிருக்கிறீர்களா என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கிராஜுவிட்டியின் 15/26 கணக்குப்படி (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய 4.81 சதவீதத்தைப் பலர் சி.டி.சி.யில் சேர்த்துவிடுகிறார்கள். ஐந்து வருடம் முடியாமல் விலகுகிற நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாகக் கைக்கு வராது. கைக்கு மாதம் எவ்வளவு வரும் என்ற ஒரு எண்ணை ஆஃபரோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, "ஊதியம்" என்பதிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை 30 சதவீதமாக வைத்து மீதியைப் படிகளாகப் பிரித்த பழைய சம்பளப் பட்டியல் உங்களிடம் இருந்தால், புது ஆஃபர் கொடுக்கும் முன் கணக்காளரிடம் காட்டித் திருத்துங்கள்.

திருநெல்வேலியில் இருப்பவருக்குச் சென்னைச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

ஒரே பொறுப்புக்கு ஒரே சம்பள வரம்பு என்பதே எங்கள் பரிந்துரை. ஊர்ச் செலவைக் காட்டிக் குறைத்தால் முதல் ஆறு மாதம் மிச்சமாகத் தெரியும். ஆனால் அதே ஆளை நாளை பெங்களூரு நிறுவனமோ வெளிநாட்டு நிறுவனமோ வீட்டிலிருந்தே வேலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். அவர்கள் திருநெல்வேலியின் வீட்டு வாடகையைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிப்பதில்லை. சென்னையில் வாழும் செலவு அதிகம் என்று தோன்றினால், அதைச் சம்பளத்துக்குள் புதைக்காமல் தனி நகரப்படியாகக் கொடுங்கள். இடம் மாறும்போது அதை மட்டும் எடுத்துவிட முடியும்.

ஆட்களை எங்கே தேடுவது?

வேலைவாய்ப்புத் தளங்களில் கொட்டும் ரெஸ்யூமேக்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ரெஸ்யூமேக்கு 3 நிமிடம் என்றாலும் 200 ரெஸ்யூமேக்கு 10 மணி நேரம் போகும். அந்த நேரத்தில் பாதியை வேறு இடத்தில் செலவழித்தால் பலன் அதிகம்: உங்கள் டெவலப்பர்கள் முன்பு வேலை பார்த்த இடங்களின் நண்பர்கள், மாவட்டத் தலைநகரங்களின் டெவலப்பர் கூட்டங்கள், நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பங்களிப்பவர்கள்.

சென்னையில் வேலை பார்த்துவிட்டு, பெற்றோரின் உடல்நிலைக்காகவோ குழந்தை வளர்ப்புக்காகவோ ஊர் திரும்ப நினைக்கும் 6 முதல் 12 வருட அனுபவக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னையில் உட்கார வேண்டும் என்று கேட்கும் நிறுவனத்துக்கு இவர்கள் கிடைக்கமாட்டார்கள். பல ஊர் டீமுக்கு இவர்களைப் போலப் பொருத்தமானவர்கள் குறைவு. விளம்பரத்தின் முதல் வரியிலேயே "ஊரிலிருந்தே வேலை" என்று எழுதுங்கள்.

புதியவர்களை எடுப்பதென்றால் பொறியியல் கல்லூரிகளோடு நிறுத்தாமல் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களையும் பாலிடெக்னிக் மாணவர்களையும் பாருங்கள். ஜோஹோ, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகமும் நடத்துகிறது. பட்டத்தைத் தாண்டிப் பார்க்கலாம் என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சான்று அது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பயிற்றுவிக்க ஆளும் நேரமும் இருந்தால்தான் அது நடக்கும். ஒரு சீனியருக்கு இரண்டு ஃப்ரெஷர்களுக்கு மேல் ஒப்படைத்தால் எல்லோருமே தேங்கிப் போவார்கள்.

எத்தனை சுற்று நேர்காணல் வைப்பது?

நான்கு போதும். விண்ணப்பித்தவர் செலவழிக்கும் மொத்த நேரம் ஐந்து மணியைத் தாண்டக் கூடாது. முதல் அழைப்பிலிருந்து முடிவுவரை இரண்டு வாரம்.

முதலாவது, 25 நிமிடத் தொலைபேசிப் பேச்சு. வேலையையும் சம்பளத்தையும் சொல்லி, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமாவுக்குப் பின் பழைய இடத்தில் வேலை செய்ய வேண்டிய காலம்), இடம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். இதிலேயே ஒத்துவராதவர்களை அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

இரண்டாவது, வேலையையே சிறிதாக்கிக் கொடுக்கும் பணி. உங்கள் உண்மையான நிரலிலிருந்து (கோட்) ரகசியங்களை நீக்கிய ஒரு சிறு பகுதி, அதில் ஒரு பிழை, சேர்க்க வேண்டிய ஒரு வசதி. இரண்டு மணி நேரத்தில் முடியும் அளவுக்கு இருக்கட்டும். கூடவே, "என்ன மாற்றினீர்கள், ஏன், எதை விட்டுவைத்தீர்கள்" என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பல ஊர் டீமுக்கு அந்த அரைப் பக்கம் கோட்-ஐவிட முக்கியம். பக்கத்து மேசையில் உட்கார்ந்து விளக்க முடியாத இடத்தில், எழுத்தில் விளக்கத் தெரிந்தவர்தான் மற்றவர்களின் நேரத்தைக் காப்பாற்றுவார். எட்டு மணி நேரம் பிடிக்கும் பணி கொடுப்பதென்றால் அதற்குப் பணம் கொடுங்கள்.

மூன்றாவது, அந்தக் கோட்-ஐ வைத்து ஒரு மணி நேரப் பேச்சு. "இந்த டேபிளில் ஒரு கோடி வரிசை இருந்தால் எது உடையும்?", "இந்த இடத்தை இப்போதே மாற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான்காவது, டீமை நடத்துபவரோடு 45 நிமிடம்: கடைசியாகச் செய்த திட்டம், அதில் எது தாமதமானது, கருத்து மோதல் வந்தபோது என்ன நடந்தது.

எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பதும், ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே மதிப்பெண் அளவுகோல் வைப்பதும் கட்டாயம். கட்டமைத்த நேர்காணல் மனம்போன பேச்சைவிட நன்றாகக் கணிக்கிறது என்பது ஆட்தேர்வு ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாக உறுதிப்பட்ட விஷயம். மதிப்பெண்ணை 1 முதல் 4 வரை வையுங்கள். நடுவில் ஒரு எண் இருந்தால் முடிவெடுக்கத் தயங்குபவர்கள் எல்லோரும் அதையே போடுவார்கள். நேர்காணல் செய்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் முன் தங்கள் மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிப் பதிய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் சீனியரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

ஏ.ஐ. வைத்துப் பணியை முடித்துவிடுகிறார்களே?

தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வேலையிலும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள். எதற்குப் பயன்படுத்தினார் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் தேவையை மாற்றி அதே கோட்-ஐக் கண்முன்னே திருத்தச் சொன்னால், புரிந்து வாங்கியவர் யார், நகலெடுத்தவர் யார் என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேர்காணல் தமிழிலா, ஆங்கிலத்திலா?

இதில் நிறைய நல்ல ஆட்களை நிறுவனங்கள் இழக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த ஒருவர், டேட்டாபேஸ் லாக் ஏன் விழுந்தது என்பதைத் தமிழில் துல்லியமாகச் சொல்வார். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். நீங்கள் அவருக்கு "தெளிவில்லை" என்று மதிப்பெண் போடுவீர்கள். அந்தக் கேள்வி சோதித்தது அவருடைய ஆங்கிலப் பேச்சை. டேட்டாபேஸ் அறிவை அல்ல.

தொழில்நுட்பச் சுற்றில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்து ஆங்கிலத்தைத் தனியாகப் பாருங்கள். ஆவணங்களும் கோட் ரிவ்யூவும் (ஒருவர் எழுதிய கோட்-ஐ மற்றவர் சரிபார்ப்பது) ஆங்கிலத்தில் நடப்பதால் அது தேவைதான், ஆனால் படித்தால் புரியும் எளிய வாக்கியங்கள் போதும். வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேச வேண்டிய பொறுப்பு என்றால் மட்டும் பேச்சுக்குத் தனி மதிப்பெண் வையுங்கள். டீமில் தமிழ் தெரியாத ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து கூட்டங்களில் ஆங்கிலத்துக்கு மாறுவது டீமின் கடமை. பாதிப் பேச்சு புரியாமல் அவர் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை.

நேர்காணலில் பேசியவர் ஒருவர், வேலைக்கு வந்தவர் வேறொருவர் என்று நடக்குமா?

நடக்கிறது. காதில் ஒருவர் சொல்லச் சொல்ல இவர் வாயசைப்பதும், நண்பரை உட்கார வைப்பதும் உண்டு. கடைசிச் சுற்றை நேரில் வையுங்கள். பயணச் செலவை நிறுவனம் ஏற்கட்டும். முடியாவிட்டால் எல்லாச் சுற்றிலும் கேமரா, தொடக்கத்தில் அடையாள அட்டை, ஒப்புதலோடு ஒரு புகைப்படம், சேரும் நாளில் அதோடு ஒப்பீடு.

போலி அனுபவம் இன்னும் பரவலானது. பணம் வாங்கிக்கொண்டு அனுபவக் கடிதமும் சம்பளச் சீட்டும் தரும் இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பித்தவரின் எழுத்து ஒப்புதல் வாங்கி, அவருடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் உள்ள பணி வரலாற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை எந்த நிறுவனம் பி.எஃப். கட்டியது என்பது அதில் இருக்கும். சிறிய நிறுவனங்களில் பி.எஃப். இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்போது வருமான வரியின் 26 ஏ.எஸ். படிவமோ (பிடிக்கப்பட்ட வரியின் விவரம்) வங்கி அறிக்கையோ உதவும். ஒரு ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆஃபரை ஏற்றுக்கொண்டு, 90 நாள் கழித்துச் சேராமல் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

நம் ஊர் ஆட்தேர்வின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். ராஜினாமா கொடுத்த அன்றிலிருந்து அவருடைய ரெஸ்யூமே "விரைவில் சேரலாம்" என்ற நிலைக்கு மாறிவிடுவதால் அழைப்புகள் குவிகின்றன. உங்கள் ஆஃபரைக் காட்டி 20 சதவீதம் கூடுதலாக வேறொருவரிடம் வாங்கலாம். பழைய நிறுவனமும் சம்பளத்தை ஏற்றித் தடுக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை. 90 நாள் அமைதி யாரையும் சஞ்சலப்படுத்தும்.

அந்த அமைதியை உடைப்பதுதான் வழி. கடைசிச் சுற்று முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆஃபர் போக வேண்டும். கையெழுத்தான அந்த வாரத்திலேயே டீமில் ஒருவரை அவருக்குத் துணையாக நியமியுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை அந்தத் துணைவர் பேச வேண்டும், மனிதவளத் துறை அல்ல. ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலை இரண்டு வாரத்துக்குள் கேளுங்கள். அது வரத் தாமதமானால் அதுவே முதல் அறிகுறி. நோட்டீஸ் நாட்களைக் காசு கொடுத்துக் குறைக்கப் பழைய நிறுவனம் ஒப்புக்கொண்டால் அந்தத் தொகையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்; காலியிடம் இரண்டு மாதம் நீள்வதைவிட அது மலிவு. ஆனால் சேர்வதற்கு முன் வேலை எதுவும் கொடுக்காதீர்கள். அவர் இன்னும் அடுத்தவரின் ஊழியர்.

இரண்டாவது இடத்தில் வந்தவரிடம் உண்மையைச் சொல்லித் தொடர்பில் இருங்கள். "இந்த இடம் நிரம்பியது, அடுத்தது மூன்று மாதத்தில் வரலாம்" என்ற நேர்மையான ஒரு வரிக்கு நல்ல மதிப்பு உண்டு.

பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலகமாட்டேன், விலகினால் பணம் தருவேன் என்ற ஒப்பந்தம்) எழுதி வாங்கலாமா? சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அசல் சான்றிதழ்களை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். பாண்ட் விஷயத்தில், வேலையில் இருக்கும் காலத்துக்குப் பொருந்தும் நியாயமான நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும்; எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 27-ஆம் பிரிவின்படி செல்லாது. பாண்ட் போட்டுப் பிடித்துவைத்த டெவலப்பர் வேறு ஊரிலிருந்து எப்படி வேலை செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் கருத்தில் அதற்கு இடமே வேண்டாம்.

ஃப்ரீலான்சராக ஒருவரை எடுத்தால் கோட் யாருக்குச் சொந்தம்?

எழுதி வாங்காவிட்டால் அவருக்கு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. 17-ஆம் பிரிவின்படி ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நிறுவனம். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. எனவே உரிமையை அவர் எழுத்தில் மாற்றித் தர வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 19-ஆம் பிரிவின்படி, மாற்றுப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள்கொள்ளப்படும். 19(4)-இன்படி, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, அந்த உரிமையும் போய்விடும். வெளிநாட்டு ஒப்பந்த மாதிரியை இணையத்திலிருந்து இறக்கிப் பெயரை மட்டும் மாற்றினால் இந்த வரிகள் அதில் இருக்காது. "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், 19(4) பொருந்தாது" என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று வழக்கறிஞரிடம் உறுதிசெய்யுங்கள். முதலீட்டாளர் வரும்போது முதலில் திறந்து பார்ப்பது இந்தக் கோப்பைத்தான்.

ஒருவர் உங்கள் நேரத்துக்கு வந்து, உங்கள் லேப்டாப்பில், உங்களுக்கு மட்டும் வேலை செய்தால், காகிதத்தில் ஃப்ரீலான்சர் என்று எழுதினாலும் அவர் ஊழியரைப் போலத்தான். அப்படிப்பட்டவரை ஊழியராகவே சேர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவரை எடுக்கலாமா?

எடுக்கலாம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே, தமிழில் பேசி வேலை செய்யவும் முடியும். ஆனால் இந்தியச் சம்பளப் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியாது. அங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதம். இதை அங்கே பதிவுபெற்ற ஒரு நிறுவனம் வழியாகச் செய்ய வேண்டும், அல்லது அவர் சுயதொழில் செய்பவராக உங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும். இரண்டிலும் வரி ஆலோசகரின் எழுத்துக் கருத்து வாங்கிக்கொண்டே தொடங்குங்கள்.

டீமை ஊர்வாரியாகப் பிரிப்பதா, வேலைவாரியாகப் பிரிப்பதா?

ஒரு நிறுவனத்தின் பேச்சுத்தொடர்பு எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே அது கட்டும் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். பல ஊர் டீமில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சென்னையில் பேக்எண்டு (சர்வர் பக்க வேலை), கோவையில் ஃப்ரண்ட்எண்டு (திரையில் தெரியும் பகுதி), மதுரையில் டெஸ்டிங் என்று பிரித்தால் ஒவ்வொரு சிறு வசதிக்கும் மூன்று ஊர்கள் கைமாற வேண்டும். பிழை ஒவ்வொன்றும் "அது அவர்கள் பக்கம்" என்று நிற்கும்.

வசதி முழுவதையும் ஒரே சிறு டீம் சுமக்கட்டும். ஐந்தாறு பேர் போதும். ஐந்து பேரில் இருவர் இருவராகப் பேசும் இணைப்புகள் 10. பத்துப் பேரில் அது 45 ஆகிறது. அந்த ஐந்து பேர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஆனால் ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள். நால்வர் ஒரே அறையில், ஒருவர் தேனியில் என்றால் முடிவுகள் எல்லாம் தேநீர் இடைவேளையில் நடந்து முடிந்திருக்கும். தேனிக்காரருக்கு அடுத்த நாள்தான் தெரியும். ஒருவர் திரை வழியாக வருகிறார் என்றால் எல்லோரும் தத்தம் லேப்டாப்பிலிருந்தே கூட்டத்தில் சேர வேண்டும்.

சீனியர்கள் எல்லோரையும் சென்னையில் வைத்துக்கொண்டு ஜூனியர்களை மட்டும் வெளியூரில் எடுப்பது அடுத்த பிழை. வெளியூர் அலுவலகம் வேலை வாங்கும் கூடமாகிவிடும், நல்லவர்கள் ஒன்றரை வருடத்தில் போய்விடுவார்கள். புது ஊரில் முதல் ஆளாக எடுப்பவர் சீனியராக இருக்கட்டும்.

வெளியூரில் அலுவலகம் தேவையா?

ஒரே ஊரில் நான்கு பேர் ஆகும்வரை வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் கோ-ஒர்க்கிங் இடம். பத்துப் பேரைத் தாண்டினால் மட்டும் சொந்த வாடகை. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் 2024-ல் திறந்த சிறிய டைடல் பூங்காக்கள் இந்த அளவுக்கு ஏற்றவை.

மின்தடையும் இணையமும் எப்படிச் சமாளிப்பது?

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மதியம் அல்லது மாலைவரை போகும். வேலை செய்பவர் அந்தத் தேதியைக் காலண்டரில் போட்டுவிட்டால் அன்று கூட்டமோ ரிலீஸோ வைக்காமல் தவிர்க்கலாம்.

கணக்கு எளிது. லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, மின்விசிறி 70. மொத்தம் 140 வாட். 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரியில் எழுத்தில் 1,800 வாட்-மணி இருந்தாலும் பயன்படுவது மூன்றில் இரண்டு பங்குதான். அதில் எட்டு மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இல்லாததுதான். இரண்டாவது இணைப்பாக வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட டாங்கிள் வேண்டும். இவை எல்லாவற்றையும் நிறுவனமே வாங்கிக் கொடுக்க வேண்டும். அலுவலக ஜெனரேட்டருக்கு யாரும் ஊழியரிடம் காசு கேட்பதில்லை.

அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களோடு நேரம் ஒத்துவருமா?

ஐரோப்பா எளிது. பெர்லினில் காலை 10 மணி, நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க் காலை 10 என்பது இரவு 7.30 அல்லது 8.30. சான் பிரான்சிஸ்கோ காலை 9 என்பது இரவு 9.30 அல்லது 10.30, அதைத் தினசரி வழக்கமாக்கினால் ஆட்கள் தேய்ந்துபோவார்கள். அங்கே வாரம் ஒரு கூட்டம் போதும், மீதி எழுத்தில்.

கடிகார மாற்றத்தில்தான் கூட்டங்கள் தவறும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் மூன்று தரப்பும் சேரும் கூட்டம் ஒருவருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். காலண்டர் அழைப்பை வாடிக்கையாளரின் நேர மண்டலத்தில் உருவாக்குங்கள்.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரம் எப்படி இருக்க வேண்டும்?

லேப்டாப் சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்னே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டு, கணக்குகள் திறந்து, இரட்டைச் சரிபார்ப்புச் சாவியோடு. முதல் நாள் மதியத்துக்குள் கோட் அவர் கணினியில் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் கோளாறு அமைப்பு ஆவணத்தில் இருக்கிறது. அதைத் திருத்துவதே அவருடைய முதல் கமிட் (களஞ்சியத்தில் பதியும் மாற்றம்) ஆகட்டும். வாரம் முடிவதற்குள் ஒரு சிறு மாற்றம், ஒரு பட்டனின் எழுத்தாக இருந்தாலும் சரி, வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் துணைவரோடு திரையைப் பகிர்ந்து வேலை. வெளியூரிலிருந்து சேர்பவர் "இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று இரண்டு நாள் முட்டிக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் முட்டினால் பொதுச் சேனலில் கேட்டுவிட வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவையுங்கள். சீனியர்களும் அங்கேயே கேள்வி கேட்டால்தான் அந்த விதி உயிரோடிருக்கும்.

கோட் ரிவ்யூ இரண்டு மூன்று நாள் தேங்குகிறது. ஏன்?

மாற்றம் பெரிதாக இருக்கிறது. 900 வரியை யாரும் திறக்க விரும்பமாட்டார்கள். 300 வரிக்குள் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு வேலை நாளுக்குள் முதல் பதில் என்று ஒப்பந்தம் வையுங்கள். பார்ப்பவர் யார் என்று பெயர் போட வேண்டும். எல்லோருக்கும் அனுப்பியதை ஒருவரும் பார்ப்பதில்லை.

முடிவுகளை எங்கே எழுதுவது?

ஒரே இடத்தில். என்ன பிரச்சினை, என்னென்ன வழிகள், எதைத் தேர்ந்தோம், ஏன், யார், எந்தத் தேதி: ஒரு பக்கம். தொலைபேசியில் பேசி முடித்திருந்தாலும் பேசியவர் அன்றே எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவு ஆறு மாதம் கழித்துக் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்போதுமே கிடைக்காது.

வீட்டில் இருப்பவர் உண்மையில் வேலை செய்கிறாரா என்று எப்படித் தெரியும்?

மவுஸ் அசைவையும் கணினித் திரையையும் கண்காணிக்கும் மென்பொருளைப் போடாதீர்கள். அதை ஏமாற்றும் கருவி மலிவாகக் கிடைக்கிறது, நேர்மையானவர்கள்தான் புண்படுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடித்த வேலையை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு முறை காட்ட எதுவும் இல்லையென்றால் மூன்றாவதற்குக் காத்திராமல் நேரடியாகப் பேசுங்கள். வேலை தெளிவில்லாமல் இருக்கலாம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும் என்று வைத்துக்கொண்டே நடத்துங்கள். வீடியோ அழைப்பும் தனிச் செய்தியும் இதில் அடங்கும். பத்துப் பேர் இருந்தாலே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவினரின் பெயரும் தொடர்பும் எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும்.

எத்தனை முறை நேரில் சந்திப்பது?

வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று நாள். எப்போதும் சென்னைக்கே வரச் சொல்லாதீர்கள். திருச்சி எல்லோருக்கும் நடுவில், ரயிலில் எளிதாக வரலாம். முதல் நாள் திட்டம், இரண்டாம் நாள் சேர்ந்து கோட் எழுதுவது, மூன்றாம் நாள் பாதியோடு முடித்து ஊர் திரும்பல். திரையில் செய்யக்கூடிய பிரசன்டேஷனை அங்கே கொண்டுவந்து நேரத்தைத் தின்னாதீர்கள்.

ஒருவர் விலகும்போது என்னென்ன செய்ய வேண்டும்?

ராஜினாமா வந்த அன்றே, அவர் மட்டும் அறிந்தவற்றின் பட்டியலைச் சேர்ந்து தயாரியுங்கள். நோட்டீஸ் காலத்தில் அவருக்குப் புது வசதி எதையும் ஒப்படைக்காமல், அந்தப் பட்டியலில் உள்ளதை இன்னொருவர் செய்ய, இவர் பார்த்துத் திருத்தட்டும்.

கடைசி நாள் மாலை, முன்பே எழுதிவைத்த பட்டியலின்படி அணுகல்களை மூடுங்கள்: மின்னஞ்சல், கோட் களஞ்சியம், கிளவுட் கணக்கு, வி.பி.என்., எஸ்.எஸ்.எச். சாவிகள், டொமைன் பதிவாளர், பணம் செலுத்தும் சேவைகள். விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டும், அவர் தன் சொந்த எண்ணில் பதிவுசெய்த ஓ.டி.பி.யும்தான். லேப்டாப்பைத் திரும்ப எடுக்கக் காப்பீட்டோடு கூரியரை நீங்களே பதிவுசெய்து, பெட்டியையும் அனுப்புங்கள். ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு. "45 நாளில் செட்டில்மென்ட்" என்ற பழைய வரி உங்கள் நியமனக் கடிதத்தில் இருந்தால் நீக்குங்கள். ரிலீவிங் லெட்டரையும் அதே வாரம் கொடுத்துவிடுங்கள்.